ஹார்லன் கொட்டிய எண்ணெய்

ஹார்லன் டூட்டன் அறுபத்திரண்டு வயதுவரை சமையலறையில் தோற்றதே இல்லை. அதுவரை அவன் அங்கே ஒன்றும் செய்ததில்லை என்பதுதான் காரணம். காப்பி போடுவான். கோடையில் தக்காளியை அரிந்து ரொட்டிக்குள் வைத்து, மிளகுத்தூள் தூவித் தின்பான். மற்றதையெல்லாம் நாற்பது வருஷமாக நெல்டா பார்த்துக்கொண்டாள்.

ஜார்ஜியாவின் தென்மேற்கு மூலையில், செம்மண்ணும் நிலக்கடலையுமாகக் கிடக்கிற ஊரில் பிறந்தவன் அவன். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த நாளைவிடக் கடலைக் காட்டில் நின்ற நாள் அதிகம். கல்யாணமான பிறகு கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ரோடு இலாகாவில் சேர்ந்து, மண் ரோடுகளை வழித்துச் சமப்படுத்துகிற கிரேடர் வண்டியில் ஏறினான். ஏறி முப்பத்து நாலு வருஷம் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை. அவன் வழித்த ரோட்டில் மழைத்தண்ணீர் நிற்காது என்று ஊரில் பேர். அந்தப் பேரை அவனும் கொஞ்சம் அதிகமாகவே நம்பினான். கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு வேலையை இன்னொருவரிடம் கேட்டுச் செய்வதைத் தனக்குக் குறைச்சலாக நினைக்கிறவன்.

நெல்டாவை அவன் முதலில் கண்டது ஒரு சண்டையில். அறுவடைக் காலத்தில் விவசாயிகள் கடலையைக் கொண்டுவந்து போடுகிற கொட்டகையில் அவள் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். வண்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, உடைத்து, பருப்பைத் தட்டில் பரப்பி, சொத்தை எத்தனை, பூசணம் எத்தனை என்று பார்த்துச் சீட்டு எழுதுவாள். ஹார்லனுடைய அப்பா கொண்டுபோன வண்டிக்குப் பூசணம் என்று எழுதிவிட்டாள். அப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். மறுநாள் ஹார்லன் சண்டை போடப் போனான். அவள் தட்டை அவன் பக்கம் தள்ளி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். பூசணம் இருந்தது. மூன்றாம் நாள் அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அதற்கப்புறம் இருபத்திரண்டு அறுவடைக்கு அந்தக் கொட்டகையில் அவள் கடலைக்குத் தரம் போட்டிருக்கிறாள். இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஹார்லன் மறந்துவிட்டான்.

பிப்ரவரியில் நெல்டாவுக்குக் குடலில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி இருந்தால் அதையும் அழிக்க ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மூன்று தடவை ஏற்றியாயிற்று. ஒவ்வொரு தடவைக்கும் அவள் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்தாள். மே மாதம் ஒரு வியாழக்கிழமை, நாலாவது தடவைக்குப் போனபோது எடை போட்டார்கள். நூற்று இரண்டரை பவுண்டு. நூற்று நாலாவது இருந்தால்தான் இந்த மருந்தை உடம்பு தாங்கும், வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வியாழக்கிழமை வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

வண்டியில் திரும்பி வரும்போது நெல்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு தடவ திருப்பி அனுப்புனாங்கன்னா, அப்புறம் நான் போகமாட்டேன் ஹார்லன். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. பூசணம் என்று எழுதினால் பூசணம்தான்.

வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. சர்ச்சுப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு கொண்டுவந்தார்கள். கோழிக்கறியும் சோறும் சீஸும் அடுக்கியது, உருளைக்கிழங்கு, மேலே வெங்காயம் தூவிய பீன்ஸ், எல்லாம் அடுப்புக்குள் வைத்து வேகவைத்த கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் அடியிலும் டேப் ஒட்டிக் கொண்டுவந்தவளின் பெயர் எழுதியிருக்கும். தின்று, கழுவி, பெயர் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். ஃபிரிட்ஜில் அப்படிப் பதினோரு தட்டு நின்றது. நெல்டாவால் ஒன்றையும் தொட முடியவில்லை. சூடான சாப்பாட்டின் வாடை மூக்கில் ஏறினாலே குமட்டியது. இனிப்பு நாக்கில் பட்டால் ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். மூன்று வாரமாக அந்த வீட்டில் அடுப்பு மூட்டவே இல்லை. ஹார்லன் தன் பங்கை வெளியே வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, சில்லென்றே தின்றான்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவள் தின்றாள். அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரி ஒரு டப்பாவைத் திறந்து, கடலை வெண்ணெயும் ஓட்ஸும் பிசைந்து உருட்டிய சின்னச் சின்ன உருண்டைகளை நீட்டினாள். குளிர்ந்து கிடந்தது, வாடை இல்லை, இனிப்பும் இல்லை. நெல்டா ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். டப்பாவுக்குள் இன்னும் எத்தனை இருக்கிறது என்று ஹார்லன் எட்டிப் பார்த்தான்.

இதை நர்ஸ் லத்ரீஸும் பார்த்திருக்கிறாள். கிளம்பும்போது அடுத்த வாரத்துக்கான அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். கடலை வெண்ணெய், ஓட்ஸ், இனிப்பு சேர்க்காத புரதப் பொடி, ஒரு துளி தேன். பிசைந்து, உருட்டி, ஃபிரிட்ஜில் வைக்கவும். அடுப்பு வேண்டாம்.

"அடுப்பே வேண்டாம், மிஸ்டர் ஹார்லன். ஆனா டப்பாவோட பின்னாடி பாத்து வாங்குங்க. கடலை, உப்பு தவிர வேற எதுவும் போட்டிருக்கக் கூடாது. வாங்கினதும் நீங்க என்ன பண்ணணும்னா..."

"கடலையப் பத்தி எனக்கே சொல்றீங்களாம்மா?" என்று ஹார்லன் அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். லத்ரீஸ் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த இடத்தில் அவன் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனான். அவர்கள் வீட்டில் எப்போதும் வாங்குகிற கடலை வெண்ணெய் சர்க்கரை போட்டது, மெழுகு மாதிரி உறைந்து நிற்கும். அட்டையில் சொன்ன சரக்கு வேறு அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி டப்பாவுக்குள் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதந்தது. அடுத்ததை எடுத்தான், அதிலும் எண்ணெய். அலமாரியில் இருந்த அத்தனையும் அப்படித்தான். கடைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினான். இது இப்படித்தான் இருக்கும், இதை நீங்கள்... என்று அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவன் விடவில்லை. தான் கடலைக் காட்டில் பிறந்தவன் என்றும், எண்ணெய் கக்கினால் சரக்கு பழசு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றும் அவளுக்குப் பாடம் நடத்தினான். அவள் சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல், இருப்பதில் எண்ணெய் குறைவாகத் தெரிந்த மூன்று டப்பாக்களை வாங்கி வந்தான்.

பழைய எண்ணெய் நெல்டாவின் வயிற்றுக்கு ஆகாது என்று மூன்று டப்பாவின் எண்ணெயையும் வடித்து, கொல்லைப்பக்கம் நாய்த்தட்டில் ஊற்றினான். ஸ்கூட்டர் என்கிற அந்தக் கிழட்டு வேட்டைநாய் தட்டையும் சேர்த்து விழுங்குகிற மாதிரி நக்கியது.

டப்பாவுக்குள் மிஞ்சியது வெண்ணெய் இல்லை, களிமண் கட்டி. மரக்கரண்டி முறிந்தது. சுவருக்குப் பூச்சு வைக்கிற தகட்டைக் கழுவிக்கொண்டு வந்து தோண்டி எடுத்தான். ஓட்ஸையும் பொடியையும் கொட்டிப் பிசைந்தான். கைக்குள் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக இருந்தது. தட்டில் வைத்ததும் ஒரு மூச்சு விட்டு உதிர்ந்தது. முப்பது உருண்டை பிடித்தான், முப்பதும் தட்டில் தூளாகக் கிடந்தது. ஹார்லன் கையை ஓங்கி மேஜையில் குத்தினான், தூள் இன்னும் கொஞ்சம் பரவியது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விட்டுப் பிசைந்தான். புரதப் பொடி பசையாகி, ஓட்ஸ் ஊறி, விரலோடு நூல் நூலாக வந்தது. நெல்டா அவன் மனசு நோகக் கூடாதென்று ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் காகிதத்தில் துப்பினாள். சாயங்காலம் தேனைக் கொட்டிப் பிசைந்தான். உருண்டை நின்றது. ஆனால் அவளுக்கு ஆணி. திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது, யாருக்கும் தெரியாமல் வழக்கமான சர்க்கரை போட்ட கடலை வெண்ணெயை வாங்கிவந்து அதில் செய்தான். அவள் நாக்கு நுனியில் வைத்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்குக் குளியலறைத் தராசில் அவள் நூற்று இரண்டு. கூடவில்லை, அரை பவுண்டு குறைந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வைவான் வந்தாள். நெல்டாவுக்கு அக்கா, எழுபது வயது, நாற்பது மைல் வண்டி ஓட்டி வருவாள். சூடு இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை என்பது அவள் கட்சி. ஹார்லன் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து வண்டியை நிறுத்தும்போதே வாடை அடித்தது. தேனும் கடலையும் தீய்ந்த வாடை. வைவான் அவன் ஃபிரிட்ஜில் ஒதுக்கி வைத்திருந்த தூளையெல்லாம் வாரி, முட்டை உடைத்து ஊற்றி, உருட்டி, அடுப்புக்குள் வைத்துவிட்டாள். வீட்டில் ஒரு சந்து விடாமல் வாடை நிறைந்திருந்தது. நெல்டா குளியலறைத் தரையில் கிடந்தாள். காலையிலிருந்து அவளுக்குள் போயிருந்த அரை டம்ளர் பாலும் நாலு கரண்டி ஆப்பிள் கூழும் வெளியே வந்துவிட்டன.

"அட்டையிலயே எழுதியிருக்கே," என்றான் ஹார்லன். "அடுப்பு வேண்டாம்னு."

வைவான் கையில் துணிக்கையுறையோடு அழுதுகொண்டேதான் நின்றாள். ஆனாலும் குரலை இறக்கவில்லை. "உருண்டைன்னா உருண்டையா நிக்கணும். நீ பண்ணி வெச்சிருந்தது கோழித் தீவனம். என் தங்கச்சி எலும்பா கெடக்கா, நான் எதாச்சும் பண்ணணுமா வேண்டாமா?"

"மிஸ் வைவான், உங்க தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

ஃபிரிட்ஜைத் திறந்து, தட்டுகளின் அடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, அவள் பெயர் போட்டதைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தான். அதில் அவள் வைத்த சோறும் கோழியும் அப்படியே நிறைந்து இருந்தது. தின்னாத தட்டைத் திருப்பிக் கொடுப்பது அந்த ஊரில் முகத்தில் அடிக்கிற மாதிரி. வைவான் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு போனாள்.

அவன் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, நெல்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வைவான் மேல், டாக்டர் மேல், கடைப் பெண் மேல், அந்த எண்ணெய் டப்பா மேல் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தான். ஒருத்தர் மேலும் நிற்கவில்லை. அன்று சாயங்காலம், மூன்று வாரத்துக்குப் பிறகு மழை பெய்தது.

புதன்கிழமை காலை ஓடைப் பக்கத்து ரோட்டை வழிக்கச் சொன்னார்கள். அதே ரோட்டைப் போன வாரம், வேண்டாம் காய்ந்து கிடக்கிறது என்று சொல்லியும் கேட்காமல், அதிகாரி வழிக்க வைத்திருந்தார். அன்றைக்குக் கிரேடரின் அடிக்கத்தி பட்ட இடமெல்லாம் புழுதியாகப் பறந்தது. குவித்த மண் குவித்த இடத்தில் நிற்காமல் சரிந்தது. இன்றைக்கு மழை குடித்த செம்மண் கத்தியில் ஏறிச் சுருண்டு சுருண்டு, தூக்கிப் போட்ட இடத்தில் உட்கார்ந்தது. ஹார்லன் கால் மைல் போயிருப்பான். கிரேடரை நடு ரோட்டில் நிறுத்தினான்.

ஈரம் இல்லாத மண் நிற்காது. இதை முப்பத்து நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவன் அவன். அதிகாரியோடு இதற்காகச் சண்டையே போட்டவன். மண்ணுக்கு ஈரம் வானத்திலிருந்து வர வேண்டும். கடலைக்கு அது டப்பாவுக்குள்ளேயே இருந்தது. அதைத்தான் வடித்து நாய்க்கு ஊற்றியிருக்கிறான். கிரேடருக்குள் உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டான். அந்த வார்த்தைகளை இங்கே எழுத வேண்டாம்.

மிச்ச ரோட்டை வழித்து முடித்துவிட்டு, வண்டி மாற்றக்கூடப் பொறுமை இல்லாமல் கிரேடரையே இரண்டு மைல் ஓட்டிக்கொண்டு கடைக்குப் போனான். நாலு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொண்டு அது நின்றது. சேறு படிந்த பூட்ஸோடு உள்ளே வந்தவனைக் கடைப் பெண் அடையாளம் கண்டுகொண்டாள்.

"மறுபடியும் பழைய சரக்குன்னு சொல்ல வந்தீங்களா சார்?"

"இல்லம்மா. அன்னிக்கு நீ என்னமோ சொல்ல வந்தே, நான் விடல. அதச் சொல்லு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லாக் கெளறணும் சார், எண்ணெய் உள்ள போற வரைக்கும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஐந்து நாள், மூன்று டப்பா, ஒரு மைத்துனி.

சாயங்காலம் நாலு மணிக்குச் சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, புது டப்பாவை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கிளறத் தொடங்கினான். எண்ணெய் விளிம்பில் வழிந்தது, கை நழுவியது, தோள்பட்டை வலித்தது. நெல்டா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். டப்பாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"மத்த டப்பாவுல இருந்த எண்ணெய் எங்க போச்சு?"

"கொட்டிட்டேன்."

"எத்தன டப்பா?"

"மூணு."

"எங்க கொட்டுன?"

ஹார்லன் மோவாயால் கொல்லைப்பக்கம் காட்டினான். கதவுக்கு வெளியே ஸ்கூட்டர் வயிறு புடைக்க, மயிர் பளபளக்கப் படுத்திருந்தது. நெல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயெல்லாம் புண், சிரித்தால் வலிக்கிறது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த நாய எடை போடக் கூட்டிட்டுப் போ," என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இருபத்திரண்டு வருஷம் கடலைக்குத் தரம் போட்டவ பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"நீ தூங்கிட்டு இருந்த."

"அஞ்சு நாளும் தூங்கிட்டேவா இருந்தேன்?"

ஹார்லன் மறுபடி கிளறத் தொடங்கினான். அவள் காலால் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பொடியை ஒரே அடியாகக் கொட்டாதே, அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்றாள். கொஞ்சம் போட்டுப் பிசைந்து, சற்றுப் பொறுத்து, தேவையானால் இன்னும் போடச் சொன்னாள். அவன் அப்படியே செய்தான். பிசைந்தது கையில் ஒட்டாமல் திரண்டது. உருட்டித் தட்டில் வைத்தான். நின்றது. ஃபிரிட்ஜில் இடம் பண்ண இரண்டு கண்ணாடித் தட்டை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

அரை மணி நேரம் கழித்து நெல்டா ஒன்றைத் தின்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே தங்குகிறதா என்று காத்திருந்தாள். தங்கியது. இருட்டுவதற்குள் ஐந்து, மறுநாள் காலையில் இரண்டு. மீதியை ஹார்லன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எடை போட்டார்கள். நூற்று இரண்டே முக்கால்.

டாக்டர் நல்லவர்தான், நன்றாகவே எடுத்துச் சொன்னார், ஆனாலும் முடியாது என்றார். ஹார்லன் விடவில்லை. நேற்று ஒரே நாளில் எவ்வளவு தின்றாள் தெரியுமா என்றான், பூட்ஸோடு எடை போட்டுப் பாருங்கள் என்றான், ஒரு பவுண்டுக்கெல்லாமா மருந்து பார்க்கும் என்றான். டாக்டர் அடுத்த வியாழக்கிழமை என்று எழுதிவிட்டு எழுந்து போனார். போன வாரத்தைவிடக் கூடித்தானே இருக்கிறது என்று லத்ரீஸ் சமாதானம் சொன்னாள்.

"கால் பவுண்டும்மா," என்றான் ஹார்லன். "அன்னிக்கு உங்கள பேச விட்டிருந்தா, இன்னிக்கு மருந்து ஏறியிருக்கும்."

நெல்டா கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அவன் இருபது மைல் ஓட்டினான். போன வாரம் அவள் சொன்னது மனசில் நின்றது. என்ன சொல்லி அவளைத் திரும்ப வரச் சொல்வது என்று நாலைந்து விதமாக வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தான். ஒன்றும் சேரவில்லை, எல்லாம் உதிர்ந்தது. கடலைக் காடுகள் இரண்டு பக்கமும் புதிதாக முளைத்து, முந்தாநாள் மழையில் கழுவிவிட்ட மாதிரி நின்றன. அதைப் பார்க்கக்கூட அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பக்கத்தில் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. நெல்டா ஒரு உருண்டையை எடுத்து, பாதி கடித்து, மென்று, மீதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல உப்பு பத்தாது," என்றாள்.

அவன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மீதிப் பாதியையும் தின்று விரலைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கா, பத்தரைக்கா?"

"பத்து," என்றான். குரல் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை சொன்னான்.

"அப்ப கடைக்கு விடு. நாலு டப்பா வேணும். அப்புறம் வைவானுக்கு ஒரு தட்டு உருண்டை கொண்டுபோய்க் குடுத்து மன்னிப்புக் கேக்கணும்."

"நான் கேக்கணுமா?"

"வேற யாரு, ஸ்கூட்டரா?"

கடையில் அவள் அலமாரியின் முன்னால் நெடுநேரம் நின்றாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, சிலதைத் திரும்ப வைத்து, சிலதைக் கூடைக்குள் போட்டாள். ஹார்லன் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். கடலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.